தலைக்கு இரண்டரைக் கிலோ

மேலப்பாளையத்தை மேகம் மூடிக்கிடந்தது.
காயலில் பார்த்துவிட்டார்களாம், இல்லை, குளச்சலிலாம்,
தெருவே மொட்டைமாடியில் கழுத்து வலிக்க நின்றது.
கடைசியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி
ஒருமுறை இருமிவிட்டுச் சொன்னது:
நாளைக்குப் பெருநாள்.

சுளவில் பாதி இலை வெட்டாமல் கிடந்தது.
நூலைச் சுற்றி வைத்தேன்.
பீடிக்கடைக்காரனுக்குப் பிறை கிடையாது,
ஆயிரத்தில் எண்பது குறைந்தால் குறைந்ததுதான்.

அப்போதுதான் வந்தான் பீர்க்கண்ணு,
தோளில் மூட்டை, காதில் பேனா.
"மீராள் மாமி, ரெண்டு தலை, பத்துக் கிலோ பித்ரா.
இங்கன ஒரு கையெழுத்து."
போட்டேன்.
அவர் மவுத்தாகி ஒன்பது வருசம்.
முதல் வருசம் கதவுக்குப் பின்னால் நின்று வாங்கினேன்,
இப்போது அரிசி புதுசா பழசா என்று கேட்கிறேன்.

சபூரா மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"உம்மா, ஒரு நாள் சோத்துக்கு மேல இருந்தா
குடுக்கணும்னு லெப்பை சொன்னாவல்லா.
இப்ப நம்மகிட்ட இருக்கே."
இருக்கத்தான் செய்தது.
தலைக்கு இரண்டரை. அஞ்சு கிலோ அளந்து கட்டினோம்.

யாருக்குக் கொடுப்பது?
பக்கத்து வீட்டில் பீர்க்கண்ணு போய்விட்டான்.
எதிர்வீட்டிலும்.
முட்டுச்சந்தில் ஆடு மேய்க்கிற உதுமான்கனிக்கு
இரண்டு கமிட்டியிலிருந்தும் வந்து
அவரே ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.
அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில்
ஏழை என்று ஒருவரும் அகப்படவில்லை.

"பட்டறை மாடியில வங்காளத்துப் பயலுவ இருக்கானுவளே"
என்றாள் சபூரா.
நாலு பேர். ரேஷன் அட்டை இல்லை,
அதனால் பட்டியலில் இல்லை.
தராவீஹுக்குப் போகையில் பார்த்திருக்கிறேன்,
எத்தனை தரம் ஒளு செய்தாலும்
நகக்கண்ணில் சிமெண்டு.

துப்பட்டியைப் போட்டுக்கொண்டு இறங்கினோம்.
தையல்கடையில் இன்னும் மெஷின் ஓடுகிறது,
கறிக்கடை வாசலில் கூட்டம்,
மருதாணிக் கையை விரித்தபடி ஓடுகிற பிள்ளைகள்.
பட்டறை மாடிப்படியில் விளக்கில்லை.
பாதி ஏறியிருப்பேன்,
மேலிருந்து ஒருத்தன் இறங்கி வந்தான், கையில் மூட்டையோடு.
என்னைப் பார்த்து நின்றான்.
மூட்டையை நீட்டினான்.
"ஃபித்ரா" என்றான்.

"பித்ரா" என்றேன் நானும், என் மூட்டையை நீட்டி.

எனக்குச் சுருக்கென்றது.
என்னையா? இவனா?
பிறகு என் கையைப் பார்த்தேன்,
நூல் அறுத்த விரல்,
எந்தச் சோப்புக்கும் போகாத புகையிலை வாடை.
அவன் நகக்கண்ணை நான் பார்த்த மாதிரி
அவனும் என்றைக்கோ
என் கையைப் பார்த்திருக்கிறான்.

முதலில் சிரித்தது சபூரா.
அவன் நாலு விரலைக் காட்டினான்,
நான் இரண்டைக் காட்டினேன்.
அதற்குமேல் பேச எங்களிடம் பாஷை இல்லை.
மூட்டைகள் கை மாறின.
அஞ்சு கொடுக்கப் போனவள்
பத்து தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.
"உம்மா, இப்ப நம்மகிட்ட..." என்று தொடங்கினாள்.
"வாயை மூடு, காலையில பாப்போம்" என்றேன்.

பின்னிரவில் இரண்டு ரக்அத் தொழுதேன்.
துஆவில் அவன் பேரைச் சொல்ல வேண்டும்,
கேட்காமல் வந்துவிட்டேனே.
"யா அல்லா, அந்தப் படிக்காரன்" என்றேன்.
ஏறின படியா அளந்த படியா
என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

விடிந்தும் விடியாமலும் தக்பீர்.
பாளையங்கால்வாய் ஓரமாக
வெள்ளை வெள்ளையாய்ப் போகிறார்கள் தொழுகைக்கு.
மடிப்புக் கலையாத புதுச்சட்டையில் நாலு பேர்,
ஒருத்தனுக்குக் காலரில் அட்டை இன்னும் இருக்கிறது.
சொல்லலாமென்று சன்னலுக்குப் போனேன்,
அதற்குள் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

உலையில் போட அவன் அரிசியைத்தான் களைந்தேன்.
நம்ம முக்குக் கடை அரிசிதான்,
அதே சாக்குநூல் முடிச்சு.
ஒரு கல் கிடந்தது.
நான் கொடுத்ததிலும்
கிடந்திருக்கும்.