ஒன்பதாயிரத்து ஐந்நூறு

கறுப்புக்கு ஒரு விலை.
வெள்ளிப் பூச்சு வேண்டுமென்றால்
மேலே ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
"உள்ள எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார்
ரங்கப்பிள்ளை வீதிக் கடைக்காரர் கஃபூர்,
விற்கிறவர் சொல்லக்கூடாத வாக்கியத்தை.
அதே ஷட்டர், அதே சென்சார்,
அதே ரெண்டு வருஷ வாரண்டி.
வெள்ளியைக் கட்டித் தரச் சொன்னேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
கன்னியக்கோவில் தாண்டும்வரை
பஸ்ஸில் வகுத்தபடியே வந்தேன்:
ரெண்டு காதுகுத்து.
இல்லையென்றால் ஒரு மஞ்சள் நீராட்டு, ஆல்பத்தோடு.
இல்லையென்றால் மஞ்சக்குப்பம் ஸ்டூடியோவின்
ஒரு மாத வாடகை, கரண்ட் பில் நீங்கலாக.

அருள்மணி பில்லைப் பார்த்தான், மடித்து வைத்தான்.
நான்தான் ஆரம்பித்தேன்:
"தாலிச் சங்கிலி வாங்கினப்போ
செய்கூலி சேதாரம்னு எவ்ளோ போச்சு?
அத யாராச்சும் கேட்டோமா?"
"நான் வாயே தெறக்கலயே" என்றான்.
அது இன்னும் கோபமாக வந்தது.

தேவனாம்பட்டினத்தில் காலை ஐந்தரை மணிக்கு ஷூட்.
சில்வர் பீச் என்று பேர்.
மணல் என்னவோ மணல் நிறம்தான்.
அந்தப் பூச்சுக்கு
யார் எவ்வளவு கொடுத்தார்களோ.

"அக்கா, கேமரா செம" என்றாள் நிரோஷா,
அடுத்த புதன்கிழமை கல்யாணம் அவளுக்கு.
மாப்பிள்ளை போனை எடுத்து
என்னை ஒன்று எடுத்தான்.
பதினோரு வருஷத்தில்
வேலை செய்கிற என்னை ஒருவர் எடுத்த முதல் படம்.
அதில் என் முகம் இல்லை.
முகம் இருக்கிற இடத்தில்
வெயில் பட்ட வெள்ளி.
ஆனாலும் அதை அனுப்பச் சொல்லி வாங்கிவைத்திருக்கிறேன்.

பழைய கறுப்பில் எடுத்தது ஒன்று, இதில் ஒன்று,
பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.
அருள்மணி தப்பாகச் சொன்னான்.
பேரை மறைத்துவிட்டு
அவன் என்னைக் கேட்டபோது
நானும்.

இப்போது ஆடி.
உப்புக் காற்றும் கை வேர்வையும்.
கட்டைவிரல் பதிகிற இடத்தில்
கடுகளவு பூச்சு போய்விட்டது.
உள்ளே கறுப்பு,
ஒன்பதரை குறைவாகவே
கிடைத்திருக்கக்கூடிய அதே கறுப்பு.

கஃபூர் பொய் சொல்லவில்லை.

ராத்திரி அவன் பழைய வேட்டித் துணியால் துடைக்கிறேன்,
அந்தக் கடுகை மட்டும்
கொஞ்சம் சுற்றிப் போய்.