காலிப் பொத்தான்

எங்கள் ஸ்கோடாவில் ரேடியோவுக்குக் கீழே
மூன்று பொத்தான்கள். அழுத்தினால் அழுந்தா.
படமில்லை, எழுத்தில்லை, இரவில் ஒளிர்வதுமில்லை.
கூடுதல் காசு கொடுத்தவனுக்கு அங்கே
இருக்கைச் சூடு, கண்ணாடிச் சூடு, இன்னும் ஏதோ ஒன்று.
எனக்கு அவற்றின் மூடி.
ஒன்பது குளிர்காலமாய்
நான் வாங்காதவை மூன்றும்
என்னோடு வேலைக்கு வந்து போயின.

பெரிய நிலையங்கள் பண்பலையைக் கைவிட்ட வருஷம்
குன்வோர் ஒரு பெட்டி வாங்கிவந்தாள்.
உறிஞ்சுகுமிழால் கண்ணாடியில் ஒட்டுவது.
ஸ்வோல்வாரைத் தாண்டி இரண்டாம் வளைவில்
மடியில் விழும்.
அதன் வயர் சிகரெட் லைட்டரில் தொடங்கி
கியர் தண்டை ஒரு சுற்றுச் சுற்றி
அவள் காபியைத் தட்டிவிட்டு மேலேறும்.
இரவு நர்ஸ் அவள். வீட்டுக்கு வீடு
மாத்திரை, காலுறை, ஒரு தலையணை திருத்தல்.
வீடுகளுக்கு நடுவே இருட்டும் ரேடியோவும்.

காட் மீன் வராத அக்டோபரில்
இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது.
படகுக் கொட்டகைக்குள் வண்டியை நுழைத்தேன்.
வாசலில் சாய்ந்து வாஃபிள் தின்றபடி
மைத்துனன் தோர்லைஃப் சொன்னான்:
"டேப்பைச் சுத்தி விட்டுடு. யார் பார்க்கப்போறா?"

யாரும் பார்க்காததுதான் என் பிழைப்பு.
பத்தொன்பது வருஷமாய் மீனில் முள்ளெடுக்கிறேன்.
முள் இருந்த தடம் தட்டில் தெரிந்தால்
அது நான் அறுத்த மீனில்லை.

கண்ணாடியோரத் தூணின் உறையை நெம்பினேன்.
கிளிப் ஒன்று உடைந்தது.
எப்போதும் ஒன்று உடையும்.
கண்ணாடி விளிம்பில் ஆன்டெனாவை மயிரிழையாய் ஒட்டினேன்.
அதன் செம்புக்கால் ஊன்ற வெற்று இரும்பு வேண்டுமாம்;
பெயின்ட்டைச் சுரண்டி இடம் கொடுத்தேன்.
இனி ஏர்பேக்கை உரசாமல்
டாஷ்போர்டின் வயிற்றுக்குள் இறங்கவேண்டும்.
தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டி விட்டேன்.
டொக். டொக். நரம்பு லேசானது.
முடிச்சு அவிழ்ந்து ஈயம் எங்கோ போய்விட்டது.
இன்னொரு ஈயம், இரட்டை முடிச்சு.
கையுறைப் பெட்டியைக் கழற்றிய ஓட்டையில்
கன்னத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
நாற்பது நிமிஷம்.
ஃபியோர்டில் இதைவிடச் சீக்கிரம் கடிக்கும்.
தலைகாட்டியது. இழுத்தேன்.
பின்னாலேயே வயர், தயங்கித் தயங்கி.

சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் ஃபியூஸ் எதுவென்று
தொட்டுத் தொட்டுத் தேடினேன்.
தப்பானதில் கொடுத்தால் விடியும்போது பேட்டரி பிணம்.
உரசி முனகாதிருக்கத் துணிநாடா சுற்றி,
பழைய கம்பிக்கட்டு போகும் வளைவிலேயே
புதிதையும் படுக்கவைத்தேன்.
எது முதலில் பிறந்ததென்று இனி யாராலும் சொல்லமுடியாது.

மிச்சம் யுஎஸ்பி.
எங்கே துளையிடலாம் என்று விரல் அலைந்தபோது
நடுப் பொத்தான் தட்டுப்பட்டது.
பின்னாலிருந்து தள்ளினேன்.
பால்பல்லாய் வந்துவிட்டது.
அரத்தால் ஓரத்தில் இரண்டு இழுப்பு.
மூன்றாவது தேவைப்படவில்லை.

இரவு பத்தேகால். குன்வோர் ஏறி உட்கார்ந்தாள்.
விழப்போவதைப் பிடிக்கும் பழக்கத்தில்
இடது கை ஒருமுறை கண்ணாடிக்குப் போய்த் திரும்பியது.
ரேடியோ கப்பல்களுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தது:
தென்மேற்குக் காற்று, பின்னிரவில் மழை.
ஃபோன் வயரை எடுத்தாள்.
குனிந்துகூடப் பார்க்காமல்
நடுச் சதுரத்தில் செருகினாள்.
"ரெண்டு நாளா உள்ளே என்னதான் பண்ணே?"
கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதைத் தோர்லைஃபுக்கு ஃபோன் போட்டு
இரண்டு முறை சொன்னேன்.

நள்ளிரவு தாண்டி ஒரு செய்தி வந்தது:
"சுரங்கத்துக்குள்ளயும் பேசுது.
வளைவுல மட்டும் உள்ளே ஏதோ
டொக்குனு உருளுது."

ஈயம் என்று எழுதி,
அழித்து,
ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வை
என்று அனுப்பினேன்.