முடிச்சுக் கணக்கு

உல்லையில், பெரிய ரோட்டுக்குப் பின்னால்,
உடைந்த அலைப்பலகைகளை ஒட்டிக் கொடுப்பது என் வேலை.
பிசின் மணம் சோற்றிலும் வரும்.

ஆகஸ்டில் ஒரு நடுப்பகல்
இரண்டு துண்டுகளை இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒருத்தி வந்தாள்.
பெயர்ப்பலகையில் ஜவ்பர் என்றிருந்ததை
ஹவ்பர் என்று வாசித்தாள்.
அவள் பாஷையில் அந்த எழுத்து வெறும் மூச்சாம்.
தன் பெயரை மூன்று தரம் சொன்னாள்:
நேலிதா உவமான்சூமோ.
உவமானத்தில் தொடங்கும் ஒரு வம்சம்
பூமியின் அந்தப் பக்கத்தில் மீன் பிடிக்கிறது என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிசின் காய நாலு மணித்தியாலம்.
என் கொத்துரொட்டியில் பாதியைக் கொடுத்தேன்.
உருளைக்கிழங்குத் துண்டொன்றை விரலால் தூக்கி
"இவன் எங்கள் ஊர்" என்றாள்,
விமான நிலையத்தில் சொந்தக்காரனைக் கண்டவள் போல.
பெருவின் மலைகளில் ஆயிரக்கணக்கில் வகை இருக்காம்,
ஊதா, கறுப்பு, நெளிந்து கிடப்பது.
ஒன்றுக்கு மருமகளை அழவைப்பது என்று பேர்:
முண்டும் குழியுமான அதைக் கையில் கொடுத்து
தோல் சீவச் சொல்லித்தான்
மணப்பெண்ணைச் சோதிப்பார்களாம்.
வெலிமடைக் கிழங்கின் விலையைச் சொன்னேன்.
அதுவும் அழவைக்கும்.

"பறவை எச்சத்துக்காகப் போர் நடந்த கரை எங்களது."
அண்ணாந்து என் தகரக் கூரையைப் பார்த்தேன்.
காகம் மட்டும்தான்.

பிறகு மணலில் ஒரு படகு கீறினாள்,
மூக்கு மேல்நோக்கி வளைந்தது, கொம்பன் தந்தம் மாதிரி.
நம்முடைய பன் போல ஒரு புல்லைக் கட்டுக்கட்டாய் வரிந்து
அதில் குதிரையேறுவதுபோல் ஏறி
வலையோடு போய்
மீனோடு அலைமேல் திரும்புவார்களாம்,
அவளுடைய வான்சாக்கோவில், காலங்காலமாய்.
"விளையாட்டில்லை. வீட்டுக்கு வருகிற வழி."

உடைந்தால், என்று கேட்டேன்.

உடையாது. ஊறும்.
சில கிழமையில் கனத்துவிடும்.
கரையில் போட்டுவிட்டு
குட்டையில் வளர்ந்து நிற்கும் அடுத்ததை அறுப்பார்கள்.
"உன் தொழில் எங்கள் ஊரில் இல்லை, ஹவ்பர்."
அன்பாகத்தான் சொன்னாள்.
நான் அரத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்துவிட்டேன்.

கூலி ஆறாயிரத்து ஐம்பது.
அவளுடைய வங்கி அட்டையைப் பொத்துவில் இயந்திரம்
துப்பித் துப்பிக் கொடுத்தது.
தரையில் கிடந்த நீல நைலோன் கயிற்றை எடுத்தாள்.
மேலே ஆறு முடிச்சு.
ஒரு சாண் வெறுங்கயிறு.
கீழே ஐந்து முடிச்சு.
அதற்கும் கீழே வெறுங்கயிறு.
"சும்மா விட்ட இடமும் எண்தான்."
ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே ஓர் அரசு
ஆட்களையும் சோளத்தையும் இப்படி எண்ணி வைத்ததாம்.
எரித்ததுபோக மிஞ்சியவை கண்ணாடிப் பெட்டிகளில்.
எண்களைப் படித்துவிட்டார்கள்.
மற்ற முடிச்சுகள் என்ன சொல்லுகின்றன என்று
இன்னும் சரியாய்ப் பிடிபடவில்லை.
கயிற்றை ஆணியில் தொங்கவிட்டுப் போனாள்.

நவம்பரில் வெள்ளைக்காரர் யாரும் இல்லை.
களப்பு வாய் திறந்தும் மழை தீரவில்லை.
றேடியோவில் எல் நினோ என்றார்கள்.
அவள் சொல்லியிருந்தாள்,
நத்தார் காலத்தில் கடல் சுடும்போது
அவர்களுடைய மீனவர் இட்ட பேர் அது:
பையன்.
அவன் வந்தால் அங்கே நெத்தலி ஓடிவிடும்,
பாலைவனம் நனையும்.
என் முழங்காலில் தண்ணீர்.
ஒட்டின பலகைகள் ஒவ்வொன்றாய் மிதந்து
வாசலால் வெளிக்கிட்டன.
வா மனே, என்றேன் தண்ணீரைப் பார்த்து.
இவ்வளவு தூரமா வந்தாய்.

மே மாதம் ஒரு சிலிக்காரன் கடித உறையொன்று கொண்டுவந்தான்.
ஆறாயிரத்து ஐம்பது. ஐம்பது ரூபாய்த் தாள் புதிது.
ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன்.
வெள்ளத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து
முடிச்செல்லாம் கல்லாய் இறுகிக் கிடந்தன.
நகத்தால் பார்த்தேன்.
திருப்புளியால் பார்த்தேன்.
கடைசியில் பல்லால்.

உப்பு.