ஆட்டுக்கு மூன்று ரூபாய்

நெடுஞ்சாலைத் துறை எனக்குக் கொடுத்தது
ஒரு ஜீப், ஒரு வரைபடம்,
பள்ளத்தூர் தாண்டி ஒரு வளைவு.
அதை நேராக்க வேண்டும்.
ஐந்து வருடத்தில் ஏழு சாவு.
ஏழாவது ஆள் பால்காரர்,
கேன்கள் கண்மாய்க் கரைவரை உருண்டனவாம்.

முதல் நாளே மூன்று பேர் ஜீப்பை மறித்தார்கள்.
கல்லைத் தொடக்கூடாது என்றார்கள்.
எந்தக் கல்?
கருவேல முள்ளை ஒதுக்கிக் காட்டினார்
டயர் கடை ஜமாலுதீன்.
முழங்கால் உயரம். தேர்தல் சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து:
பிரஜோற்பத்தி வருஷம் மாசி மாதம்
கோட்டையூர் விட்டுக் கானாடுகாத்தான்வரை
மோட்டார் ஓட்டப் போட்டியில்
சோ. பெ. வீர. வயிரவன் செட்டியார் வண்டி
முந்தியது இவ்விடம்.

வண்டி முந்தியதாம்.
ஓட்டியவன் பெயருக்குக் கல்லில் இடம் போதவில்லை.

பேரேட்டில் போதியிருந்தது.
கொண்டுவந்தவள் உமையாள், ஆடிட்டர்.
வீட்டைப் பங்கு பிரித்தபோது இரும்புப் பெட்டியில் கிடைத்ததாம்,
வேறு யாரும் கேட்கவில்லையாம்.
'கணக்கு பொய் சொல்லாது மேடம்,
சுருக்கிச் சொல்லும்' என்றபடி
ஜீப்பின் பானட்டில் விரித்து விரலை நகர்த்தினாள்.

சிவமயம்.
பெட்ரோல் டின் ஆறு.
புழுதி அடங்க ரோட்டில் தண்ணீர் தெளித்த ஆட்களுக்கு இரண்டு ரூபாய்.
வழியில் மாடு கட்டாதிருக்கத் தண்டோரா, எட்டணா.
ஊருணி வளைவில் அடிபட்ட ஆட்டுக்கு மூன்று ரூபாய்.
டிரைவர் பிச்சைக்கனிக்கு வேட்டி ஒன்று,
மேற்படியான் இடது கைக்கு எண்ணெய், கட்டு, ஒன்றே கால்.

அவ்வளவுதான் பந்தயம்.
கைதட்டியதாக எங்கும் பற்று இல்லை.

அன்றிரவு காரைக்குடி லாட்ஜில்
நானும் ஒரு கணக்குப் போட்டேன்.
வளைவின் ஆரம் அறுபது மீட்டர்.
செம்மண் சரளை.
மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் போனால்
எந்த வண்டியையும் சாலை வெளியே வீசிவிடும்.
மற்ற இரண்டு வண்டிகளும் வேகத்தைக் குறைத்து
வெளிப்பக்கமாக அகன்று திரும்பியிருக்கும்.
இவன் உள்ளே நுழைந்திருக்கிறான்,
ஆடு நின்ற பக்கம்.

கல்லைப் பெயர்த்து எங்கும் நடலாம்,
கலெக்டர் ஆபீஸ் புல்தரையில்கூட.
வளைவைப் பெயர்த்து எங்கே நடுவது?

'அப்ப வளைவையும் விட்டுருங்க'
என்றார் மூன்றாமவர், பள்ளியில் டிரில் மாஸ்டர்.
நான் ஏழு பெயர்களையும் வாசித்தேன்.
ஆறாவது பெயரில் ஜமாலுதீன் கையைத் தூக்கினார்,
வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.
'அந்தப் பையனுக்கு முன் டயர்
என் கடையில் போட்டது.'
கொஞ்ச நேரம் கல்லின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
'நேராக்குங்க' என்றார்.

நேராக்கினோம்.
பழைய வளைவு ஓரமாக மிஞ்சியது,
இருநூற்றுப் பத்து மீட்டர்,
இரண்டு முனையிலும் மண்மேடு.
கைவிட்ட தடத்தைத் தோண்டி எடுப்பது விதி.
ஏன் தோண்டவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது.
தோண்டும் செலவு மிச்சம் என்று எழுதினேன்.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.
நானும் சுருக்கித்தான் எழுதியிருக்கிறேன்.

மாசியில் கூப்பிட்டார்கள்.
கல்லின் பின்பக்கம் புதிதாக வெட்டியிருந்தது:
ஓட்டியது பிச்சைக்கனி.
சிற்பிக்கு ஆயிரத்து இருநூறு,
உமையாள் ரசீது வைத்திருக்கிறாள்.

எஞ்சின் இல்லாத ஒரு பழைய வண்டி,
அந்த வண்டி இல்லை, அதே வயதுள்ள வேறொன்று.
மண்மேட்டைத் தாண்டித் தூக்கி வைத்து
ஆறு பேர் தள்ளினோம்.
ஸ்டியரிங்கில் ஜமாலுதீன்.
பக்கத்தில் புதிய சாலையில் லாரிகள்
திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் நேராகப் போயின.

வளைவின் உட்பக்கம், சூடான தாரில்,
பத்துப் பன்னிரண்டு ஆடுகள் படுத்திருந்தன.
ஹாரன் அடித்துப் பார்த்தார். அதுவும் வேலை செய்யவில்லை.
எழுந்திருக்கவில்லை ஒன்றும்.

இந்த முறை வண்டி நின்றது.