உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

ரென் நகரத்திலிருந்து ஜெசிந்தா எழுதுகிறாள்,
ஒப்பந்தப்படி பிரெஞ்சில் மட்டும்.
தமிழில் எழுதினால் அபராதம்:
மெரினாவில் ஒரு பொட்டலம் சுண்டல்.
கல்லூரிச் சாலையில், பி-டூ தேர்வு முடிந்து
29சி வராத ஒரு மணி நேரத்தில்
போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

அன்றைக்கு எல்லாமே 'நாம்'.
நாம் விண்ணப்பிக்கிறோம், நாம் ஒரே அறை எடுக்கிறோம்.
குக்கர் உன்னுடையது, இட்லிப் பொடி என்னுடையது.
முதுகலை, பிரெஞ்சு மொழியும் இலக்கியமும், இரண்டு வருடம்:
சொல்லிச் சொல்லிப் பார்த்தபோது
பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகைகூட
எங்கள் அலுவலகக் கண்ணாடியிலிருந்து
கொஞ்சம் விலகி நின்றது.

இரவு ஷிப்டில் நான் கிளேர். அவள் ஜூலி.
நாந்த்தில் யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும்
எங்கள் காதில்தான் ஒழுகும்.
எந்த அறை மதாம், கூரையா சுவரா,
எவ்வளவு உயரம் ஏறியது?
கொளத்தூரில் எங்கள் வீட்டுக்குள்
இடுப்பளவு நின்ற வருடம்
எந்த மொழியிலும் யாரும் கேட்கவில்லை.

அனுமதிக் கடிதம் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது.
ஒரே வாசகம், ஒரே கையெழுத்து.

வங்கி மேலாளர் நல்லவர்தான்.
மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"பிரெஞ்சு படிச்சு என்னம்மா பண்ணப்போறே?"
பதினேழு முறை திருத்திய நோக்கக் கடிதத்தைத்
தமிழில் சொன்னேன், தடுக்காமல் வந்தது.
கேட்டு முடித்துத் தலையாட்டினார்.
பிறகு "பட்டா?" என்றார்.

ஏரி இருந்த இடம்.
மின்கட்டண அட்டை இருக்கிறது,
வீட்டு வரி ரசீது இருக்கிறது,
அப்பா நட்ட முருங்கை மூன்று முறை முறிந்து
நான்காவது முறை காய்க்கிறது.
பட்டா இல்லை.
பிரெஞ்சில் சுவர் ஆண், கதவு பெண்,
வீடும் பெண்.
எங்கள் வீடு புறம்போக்கு.

ஜெசிந்தாவுக்கு ராயபுரத்தில்
சித்தியின் வளையல்கள் இருந்தன.
மீனம்பாக்கத்தில் அவள் அழுதாள்.
நான் பெட்டியின் எடையைப் பற்றியே
பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதுகிறாள்:
ஞாயிறு நூ கடலுக்குப் போகிறோம்.
நூ ஒருநாள் அந்தப் பாறையில் உட்கார்ந்து சிரிப்போம்,
நூ அந்த ஹெட்செட்டோடு பட்ட பாட்டையெல்லாம்.

நூ.
நடந்ததற்கு இத்தனை காலம், நடக்காததற்கு இத்தனை காலமென்று
வினைச்சொல்லில் அடுக்கி வைத்திருக்கும் மொழி
இந்த ஒரு இடத்தில் மட்டும்
ஒற்றைச் சொல்லால் சமாளிக்கிறது.
நாமா, நாங்களா?

முதல் நூவில் நான் இல்லை.
ஞாயிறு எனக்கு டபுள் ஷிப்ட்.
மூன்றாவதில் இருக்கிறேன்,
காதோரத் தழும்பு சாட்சி.
நடுவில் உள்ள அந்த நூ,
பாறையில் உட்கார்ந்திருப்பது
எத்தனை பேர்?

விடிகாலை, கம்பெனி வண்டி, திருமங்கலம் சிக்னல்.
மறுபடி திறந்து பார்த்தேன்.
தமிழில் கேட்டால் ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.
அபராதம் சுண்டல்தான்.
வாங்கித்தர நான் தயார்,
வாங்கிக்கொள்ள அவள் இங்கே இல்லை.
அதனால் மட்டும் கேட்காமல் விட்டேன் என்று சொல்லமாட்டேன்.

பிரெஞ்சிலேயே எழுதினேன்:
நேற்று நல்ல மழை.
தண்ணீர் வாசற்படி வரை வந்து
எதையோ மறந்ததுபோல் திரும்பிப் போயிற்று.
நூ நலம்.
நூ வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.
பின் இருக்கையில் நான் மட்டும்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
வண்டி பாதை மாறிக்கொண்டிருந்தது.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:
"வில்லிவாக்கம் பக்கம் தண்ணி நிக்குது மேடம்.
நாம பாடி பாலம் ஏறிடலாம்."