மூன்று 'தெரியாது'

நிப்பொன்பாஷியில் எங்கள் கடை இரண்டாம் மாடி.
படியேறி வருகிறவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள்,
பிறகு விலை கேட்பார்கள்.
குரேஹாரா மிச்சியோ விலை கேட்கவில்லை.
கைப்பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்து
மேசைமேல் வைத்தார்.

முந்நூற்று நாற்பது கிராம். வேண்டாம்.
இருநூற்று எழுபது. இருக்கட்டும், பார்ப்போம்.
"பதினோரு மணி நேரம் தலையில் கிடந்தால்
ஒவ்வொரு கிராமும் இறங்கிவந்து
பிடரியில் உட்காரும்."
நீதிமன்ற ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது அவர் வேலை.
பத்தொன்பது வருடமாக
ஊரார் சண்டை அவர் காதுக்குள்.

வெளியே ஈரப்பனி.
உள்ளே ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்.
தோல் மெத்தை பத்தே நிமிடத்தில் காதை அவித்தது.
துணி மெத்தை மூக்குக்கண்ணாடிக் காம்பை அழுத்திப்
பொட்டில் கோடு கிழித்தது.
இன்னொன்றின் கீலை மடக்கி விரித்தார்,
அது முனகியது.
"சாட்சி முடியுமுன் இது முடிந்துவிடும்" என்று
ஓரமாக வைத்தார்.

வழக்கம்போல் செல்லோவைப் போட்டேன்.
வில் ஒரு இழுப்பு இழுத்ததும்
பாதிப் பேர் பர்ஸைத் தொட்டுவிடுவார்கள்.
இவர் நிறுத்தச் சொன்னார்.
சோப்புக்கட்டி அளவில் ஒரு ரெக்கார்டரை நீட்டினார்.
"ஆபீஸ் பதிவு எதுவும் வெளியே வரக்கூடாது.
இது என் வீடு, என் குரல்.
மூன்று தடவை 'தெரியாது' என்கிறேன்.
அதில் ஒன்று பொய்.
எது என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

எனக்குப் பாம்புச் செவி என்று கடையில் பேர்.
கூச்சமில்லாமல்
இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்தேன்,
வால்நட் மரக் கிண்ணங்கள்,
கன்னத்தில் கைவைத்ததுபோல் ஓர் இதம்.
அவர் வீட்டு ஃபிரிட்ஜ்கூட அதில் சுருதி சேர்ந்தது.
மூன்று தெரியாதும்
ஒரே தாய் தலைவாரி அனுப்பிய
மூன்று பெண்பிள்ளைகள்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன்.
"நல்ல சாமான்தான்.
பொய்யையும் குளிப்பாட்டிப் பவுடர் பூசி அனுப்புகிறது."

கீழ்த்தட்டில் இருந்தது அந்தச் சாம்பல் நிறம்.
வானொலி நிலையங்களுக்கென்று செய்தது,
ஆறு மாதமாகத் தூசி தின்று கிடந்தது.
எல்லாத் திருகும் வெளியே தெரியும்,
நகத்தால் நெம்பினால் மெத்தை கழன்று வரும்,
வயர் அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம்.
தரையில் போட்டுப் பார்க்கவா என்றார்.
பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டார்.
ஒன்றும் ஆகவில்லை.

மாட்டிக்கொண்டேன்.
அதில் செல்லோ பொரிபோல வறண்டிருக்கும்,
எனக்குத் தெரியும்.
முதல் தெரியாது: தட்டை.
மூன்றாவதில் நாற்காலிக்கால் ஒன்று நகர்ந்தது,
அவ்வளவுதான்.
இரண்டாவதில்
சொல் வருமுன்
தொண்டையில் ஒரு சொட்டு எச்சில் இறங்கியது.
எதையோ மென்று முழுங்கிவிட்டுத்தான்
'தெரியாது' வந்தது.

"இரண்டாவது."

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
தராசை உறைக்குள் போட்டார்.
"உபரி மெத்தை இரண்டு ஜோடி கொடுங்கள்.
இந்தத் திருகுக்கு ஒரு திருப்புளி."

பில் போடும்போது கேட்டுவிட்டேன்,
அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று.
கையுறையை விரல் விரலாக மாட்டியபடி சொன்னார்:
"கேள்வியை நான் பதிவு செய்யவில்லை."

எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
தொயாமாவிலிருந்து அண்ணன் அழைத்தான்.
சாம்பல் நிறத்தில் இன்னொன்று
பெட்டி பிரித்தபடி மேசைமேலேயே கிடந்தது,
போனில் செருகினேன்.
ஸ்கேன் ரிசல்ட் வந்ததா, அப்பா எப்படி?

"வந்தது... ஒன்றுமில்லையாம்.
நன்றாகத்தான் இருக்கிறார்."

அதைக் கழற்றினேன்.
வால்நட்டை எடுத்து மாட்டிக்கொண்டு
"சரியாகக் கேட்கவில்லை,
இன்னொரு தடவை சொல்" என்றேன்.