இரண்டாம் நடுவருக்கு, அனுப்பாத பதில்

ஐயா, அல்லது அம்மா,
உங்கள் பெயரை இதழ் மறைத்துவிட்டது.
பதினேழாம் வரியின் ஓரத்தில் நீங்கள் எழுதியது மட்டும்
சிவப்பாக நிற்கிறது:
"நாற்பத்தொரு நாள். ஆதாரம் எங்கே?"

முதலில் கோபம்தான் வந்தது.
ஆண் தவளை தலைப்பிரட்டைகளைத்
தொண்டைப் பைக்குள் வைத்து வளர்க்கும்,
நாற்பத்தொரு நாள் கழித்து
வாயைத் திறந்து உலகத்தில் விடும்.
வால்டிவியாவில் மீன் விற்பவர்கூடச் சொல்வார்,
கடல்சிங்கத்தை விரட்டிக்கொண்டே.

ஒரு மேற்கோள்தானே என்று தேடினேன்.
அரை நொடியில் எண்ணூற்றுப் பன்னிரண்டு விடைகள்.
முதலாவதில் அழகான படம், கீழே மூலம் இல்லை.
இரண்டாவது முதலாவதைக் கைகாட்டியது.
மூன்றாவது ஓர் ஆய்விதழ்:
மூன்றே நாளில் ஏற்பு, முன்பணம் முந்நூறு டாலர்.
அதன் ஆசிரியர் குழுவில் ஒரு பல் மருத்துவர்,
அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்துக்குள் போனேன்.
அங்கே கூச்சல் குறைவு.
2011, 1998-ஐச் சுட்டியது.
1998, 1974-ஐ.
1974-க்குப் பூட்டு. திறக்க முப்பத்தொன்பது டாலர்,
மாதக் கடைசியில்.

எழுதியவருக்கே கடிதம் போட்டேன்.
எவாரிஸ்தோ பர்ரீயா, வயது எண்பத்தாறு.
மறுநாளே பிரதி வந்தது, கூடவே இரண்டு வரி:
"அந்த எண்ணை நான் பார்த்ததில்லை, கேட்டதுதான்.
யான்கிவே ஏரிக்கரையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக் கதை."

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
சம்பளமே அதற்குத்தான் என்றால் என்ன செய்ய?

நூலகத்தின் அடித்தளத்தில்
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியை
ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார் எல்பா ஒயார்சூன்.
மேலே ஒன்பது நாளாய் மழை.
"உயிரியலில் தேடினீர்களா? கிடைக்காது.
ஐம்பதுக்கு முந்தியது கணினியில் ஏறவே இல்லை"
என்றபடி கார்டு இழுப்பறையைத் திறந்தார்.
தவளையின் கீழ் இல்லை. விலங்கியலின் கீழ் இல்லை.
"பள்ளி ஆண்டுமலர்கள்" என்ற கட்டில்,
சமையல் குறிப்புக்கும் தேர்ச்சிப் பட்டியலுக்கும் நடுவே,
1934, ஆசிரியை ஒதிலியா ஃபேரன்பெர்க்,
ஒன்றரைப் பக்கம், ஜெர்மன் மொழியில்.

அகராதியை மடியில் வைத்து ஒவ்வொரு சொல்லாய் வாசித்தேன்:
"ஒரே ஓர் ஆண். ஊறுகாய் ஜாடி. சமையலறை அடுப்புக்குப் பக்கம்.
ஏறக்குறைய நாற்பத்தொரு நாள்.
நடுவில் ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல்,
எண்ணியது ஒரு மாணவி.
தவறாகவும் இருக்கலாம்."

நடுவரே,
காய்ச்சல் எந்த ஆண்டில் தொலைந்ததோ தெரியாது.
ஜாடி பர்ரீயாவின் காதுக்கு வரவே இல்லை.
"ஏறக்குறைய" 1998 வரை உயிரோடு இருந்தது,
அதை அங்கே யாரோ
இடம் போதாமல் வெட்டியிருக்கிறார்கள்.
எண் மட்டும்
வாய் மாறி வாய் மாறி
எத்தனையோ பேர் தொண்டையில் வளர்ந்து
கால் முளைத்து
என் பதினேழாம் வரியில் குதித்து உட்கார்ந்தது.
நானும் விழுங்கி வைத்திருந்தேன்
பதினொரு வருடம்.

வரியை எடுத்துவிட்டேன்.
அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குள்
"தெரியாது" என்று போட்டிருக்கிறேன்;
இதுவரை நான் எழுதியதில் மிகக் கடினமான சொல்.
அடிக்குறிப்பில் ஃபேரன்பெர்க் வருகிறார்,
ஜாடி, அடுப்பு, காய்ச்சல் சகிதமாக.
பக்கத்தை எல்பா ஸ்கேன் செய்து களஞ்சியத்தில் ஏற்றினார்.
கொஞ்சம் சாய்ந்திருக்கிறது,
இடது ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.
இனித் தேடுகிறவர்களுக்கு அந்த விரலும் கிடைக்கும்.

இதையெல்லாம் எழுத
உங்கள் பதில் பெட்டியில் இடம் இல்லை.
"நன்றி. திருத்தப்பட்டது" என்று போட்டு
அனுப்பிவிட்டேன்.

ஆய்வகத்தில் ஏழாம் எண் தொட்டியில்
ஓர் ஆணின் தொண்டை
உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் அசைகிறது.
இன்று பத்தொன்பதாம் நாள்.
நான்தான் எண்ணுகிறேன்.
இதுவரை காய்ச்சல் இல்லை.